விருந்தாளியும் கோபப்படக் கூடாது, மலையும் கெடக் கூடாது

வாசகர் கேள்வி: நானும் என் கணவரும் ஒரு மலை ஊரில் ஏழு அறைகள் கொண்ட தங்கும் விடுதி நடத்துகிறோம். சீசன் வந்தால் ஊர் தாங்காது. ஓடையில் தண்ணீர் பாட்டில், பாறை இடுக்கெல்லாம் பிளாஸ்டிக் கவர், நள்ளிரவில் கார் ஸ்பீக்கரில் பாட்டு. குரங்குகள் இப்போது ஜன்னலைத் திறந்து உள்ளேயே வந்துவிடுகின்றன. போன கோடையில் எங்கள் ஊற்று வற்றிப்போய், தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம். விடுதி நடத்துகிற பதினைந்து பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். 'தினமும் நூற்றுக்கணக்கானோர் இங்கே குப்பை போட்டு இயற்கையை அழிக்கிறார்கள். நீங்களும் அதைச் செய்யாதீர்கள்' என்று ஊர் முழுக்கப் பலகை வைத்தோம். ஒன்றும் மாறவில்லை. இன்னும் கண்டிப்பு காட்டலாம் என்றால், 'கூட்டம் பக்கத்து மலைக்குப் போய்விடும்' என்று பாதிப் பேர் பயப்படுகிறார்கள். வருகிறவர்களைப் பகைத்துக்கொள்ளாமல் பொறுப்பாக நடக்க வைக்க வழி உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வழி உண்டு. சுற்றுலா வருகிறவர் நல்லவரா கெட்டவரா என்ற யோசனையை மட்டும் முதலில் விட்டுவிடுங்கள். அதற்குள் போனால் கோபம்தான் மிஞ்சும். அவர் விடுமுறையில் இருக்கிறார். ஊர் புதிது. குப்பைத் தொட்டி எங்கே என்று தெரியாது. கையில் காலி பாட்டில் இருக்கிறது, குழந்தை வேறு அழுகிறது. அந்த நிமிடத்தில் எது சுலபமோ அதைச் செய்வார். சுற்றிலும் மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்து அதையே செய்வார். இந்த இரண்டையும் மாற்றுவது உங்கள் பதினைந்து பேரால் முடிகிற காரியம். மலை விடுதிகளுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். நான் பார்த்தவரை, உபதேசம் செய்து மாறிய ஊர் கிடையாது. ஏற்பாடுகளை மாற்றிய ஊர்கள்தான் மாறியிருக்கின்றன.

முதல் வேலையாக அந்தப் பலகைகளைக் கழற்றிவிடுங்கள். அவை பலனில்லாமல் இருப்பதோடு நிற்கவில்லை, கெடுதலும் செய்துகொண்டிருக்கலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது பெரிய தலைவலி. ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவினரும் நடைபாதை ஓரங்களில் அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டுவைத்து, இரண்டு விதமான பலகைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 'இதுவரை வந்த பலர் கல்மரத்தை எடுத்துச் சென்று இந்தப் பூங்காவைக் கெடுத்துவிட்டார்கள்' என்று சொன்ன பலகை இருந்த இடத்தில், ஏறக்குறைய 8 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று மட்டும் சொன்ன இடத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. காரணம் புரிகிறதல்லவா? எல்லோரும் எடுக்கிறார்கள் என்ற செய்திதான் மனசில் நிற்கிறது. உங்கள் பலகையும் 'இங்கே தினமும் நூற்றுக்கணக்கானோர் குப்பை போடுகிறார்கள்' என்றுதான் வருகிறவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அதே சியால்டினி, நோவா கோல்ட்ஸ்டீன் என்ற ஆய்வாளரோடும் இன்னொருவரோடும் சேர்ந்து ஓட்டல் அறைகளில் செய்த சோதனை 2008இல் வெளிவந்தது. குளியல் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள், இயற்கையைக் காப்பாற்றுங்கள் என்று வழக்கமாக எழுதும் அட்டைக்கு 37 சதவீதம் பேர் இணங்கினார்கள். 'இந்த அறையில் தங்கியவர்களில் பெரும்பாலோர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள்' என்ற அட்டைக்கு 49 சதவீதம் பேர். பின்னாளில் ஜெர்மனியில் இதேபோல் செய்து பார்த்தபோது இந்த வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா ஊரிலும் ஒரே அட்டை ஒரே மாதிரி வேலை செய்யாது. ஆனால் 'இங்கே எல்லோரும் கெடுக்கிறார்கள்' என்று நாமே விளம்பரம் செய்யக் கூடாது என்ற பாடத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

புதிதாக ஏதாவது எழுதியே தீர வேண்டுமென்றால், சின்னதாக, அந்த இடத்துக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி எழுதுங்கள். ஓடைக்குப் போகிற பாதையில், 'கீழே உள்ள வீடுகளுக்கு இந்த ஓடைதான் குடிதண்ணீர். குப்பைத் தொட்டி நாற்பது அடி தள்ளி, வலதுபுறம்' என்று ஒரு பலகை போதும். யாருடைய தண்ணீர் என்று தெரிகிறது, குப்பையை எங்கே போடுவது என்றும் தெரிகிறது. தொட்டி உண்மையிலேயே அங்கே இருக்க வேண்டும், நிரம்பி வழியாமலும் இருக்க வேண்டும். நிரம்பி வழிகிற தொட்டியைப் பார்த்தவர், அடுத்த கவரை அதன் காலடியில் வைத்துவிட்டுப் போவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது பாட்டிலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அதிகம் வருத்தப்பட்டிருப்பது அதைப் பற்றித்தான்.

டெபாசிட் வாங்கினால் என்ன என்று உங்கள் சங்கத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் எதற்கு டெபாசிட் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு மலைகளின் கதையைப் பாருங்கள். எவரெஸ்ட் ஏறுகிற ஒவ்வொரு குழுவும் 4,000 டாலர் கட்ட வேண்டும், ஆளுக்கு 8 கிலோ குப்பை கொண்டுவந்து காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று 2014இல் நேபாளம் ஒரு விதி கொண்டுவந்தது. பெரும்பாலோர் பணத்தைத் திரும்பப் பெற்றார்கள். இருந்தும் உயரத்தில் உள்ள முகாம்களின் குப்பை தீரவில்லை. எடைதானே கணக்கு? கீழ் முகாம்களில் கிடப்பதைச் சேர்த்துக் கொடுத்தாலும் எடை வந்துவிடும். உயிரைப் பணயம் வைத்து மேலேயிருந்து கிழிந்த கூடாரத்தை யார் தூக்கி வருவார்கள்?

நீலகிரியில் 2022 மே மாதம் தொடங்கியது வேறு மாதிரித் திட்டம். காட்டோரம் வீசப்படும் மதுபாட்டில்கள் உடைந்து யானை முதலான விலங்குகளின் காலைக் கிழிப்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்குப் போய், அதன் தொடர்ச்சியாக வந்த ஏற்பாடு இது. டாஸ்மாக் கடையில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் கைக்கு வந்துவிடும். பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பி வந்தன. பிறகு மற்ற மலைப்பகுதிகளுக்கும் மாவட்டங்களுக்கும் அந்தத் திட்டம் விரிந்தது. இங்கே பணம் ஒட்டியிருப்பது பாட்டிலின் மேல். குடித்தவர் வீசினாலும், அதைப் பொறுக்கி எடுப்பவருக்குப் பத்து ரூபாய் கிடைக்கிறது. யாருக்கும் உபதேசம் தேவைப்படவில்லை.

ஆகவே அறைக்கு இவ்வளவு என்று மொத்தமாக 'சுற்றுச்சூழல் டெபாசிட்' வாங்காதீர்கள். அது சண்டையில்தான் முடியும். காலையில் கிளம்புகிற அவசரத்தில், அறையில் குப்பை இருந்ததா இல்லையா என்று விருந்தாளியோடு விவாதம் செய்துகொண்டு நிற்பீர்கள். அதற்குப் பதிலாக, பதினைந்து விடுதிகளும் சேர்ந்து ஒரே மாதிரி ஸ்டீல் பாட்டில்களை மொத்தமாக வாங்குங்கள். ஊரின் பெயர் பொறித்திருந்தால் இன்னும் நல்லது. அறைக்கு வரும்போது கையில் ஒன்றைக் கொடுத்து, அதற்கு மட்டும் ஒரு முன்பணம் வாங்குங்கள். உங்கள் விடுதியில் வாங்கியதைப் பக்கத்து விடுதியிலும் நிரப்பிக்கொள்ளலாம், பஸ் நிறுத்தத்துக் கடையிலும் நிரப்பிக்கொள்ளலாம், எங்கே வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம் என்று இருக்க வேண்டும். சிலர் ஞாபகத்துக்காக வீட்டுக்கே எடுத்துப் போவார்கள். போகட்டும், விலை வந்துவிட்டதே.

இதில் ஒரு நிபந்தனை. வடிகட்டிய தண்ணீரின் மேல் வருகிறவருக்கு நம்பிக்கை வர வேண்டும். மக்கள் கடைத் தண்ணீர் வாங்குவது வயிற்றுக்குப் பயந்துதான், ஆடம்பரத்துக்காக இல்லை. உங்கள் ஊற்றுத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, தேதி போட்ட அந்தச் சான்றை வடிகட்டிக்கு மேலேயே ஒட்டிவையுங்கள். வடிகட்டி மாற்றிய தேதியையும் கையால் எழுதிவையுங்கள். நான் ஆலோசனை சொன்ன ஒரு விடுதியில், கண்ணாடி ஜாடியை அறையில் வைத்தும் யாரும் தொடவில்லை. வடிகட்டியைச் சமையலறைக்குள்ளிருந்து எடுத்து, வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாற்றி, வீட்டு ஆட்களும் அதிலேயே பிடித்துக் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் பாட்டில் வாங்குவது குறைந்தது.

அடுத்தது, ரொம்பப் பேர் கோட்டைவிடுகிற இடம்: முன்பதிவுக்கும் வருகைக்கும் நடுவில் உள்ள நாட்கள். மலைக்கு வந்து சேர்ந்த பிறகு ஒருவர் மாற்றிக்கொள்ளக்கூடியது மிகவும் குறைவு. எதில் வருவது, எத்தனை நாள் தங்குவது, வழியில் என்ன வாங்குவது என்பதெல்லாம் வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வாட்ஸ்ஆப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள்:

'வணக்கம். வெள்ளிக்கிழமை உங்களை எதிர்பார்க்கிறோம். ராத்திரி குளிர் அதிகம், கனமான ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கி வர வேண்டாம், சோதித்த குடிதண்ணீரும் நடக்கும்போது எடுத்துப்போக பாட்டிலும் இங்கேயே தருகிறோம். எங்கள் ஊரில் சேரும் பிளாஸ்டிக் முழுவதையும் லாரியில் ஏற்றிக் கீழே அனுப்ப வேண்டியிருப்பதால் இந்த ஏற்பாடு. ஒன்பது மணிக்கு மேல் ஊர் அமைதியாகிவிடும், வெளியே பாட்டு வைப்பதில்லை. பஸ்ஸில் வருவதாக இருந்தால் சொல்லுங்கள், நிறுத்தத்துக்கு வந்து அழைத்துக்கொள்கிறோம்.'

இதில் நிபந்தனை என்ற வார்த்தையே இல்லை. ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் பாட்டைப் பற்றியும் சொல்கிறீர்கள். காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறீர்கள். கொண்டாட்டத்துக்கென்றே வர நினைத்தவர் இதைப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிக்கொள்வார். அது உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. நள்ளிரவில் கதவைத் தட்டி அவரிடம் பேச வேண்டிய நிலைமை உங்களுக்கு வராது. பாட்டு விஷயத்தில் என் ஆலோசனை இவ்வளவுதான். ஆனால் பதினைந்து விடுதியும் ஒரே நேரத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஒன்பது என்றும் இன்னொருவர் பதினொன்று என்றும் சொன்னால் யார் பேச்சும் எடுபடாது.

எத்தனை நாள் தங்குகிறார்கள் என்பது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய விஷயம். ஐ.நா.வின் உலகச் சுற்றுலா அமைப்பு 2005ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில், சுற்றுலாவால் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் முக்கால் பங்கு பயணத்தால் வருவது. தங்குமிடங்களின் பங்கு அதில் ஐந்தில் ஒன்று அளவுதான். அறையில் விளக்கை அணைக்கச் சொல்வது நல்லதுதான். ஆனால் இரண்டு தடவை வந்து இரண்டிரண்டு நாள் தங்குகிறவரை, ஒரே தடவையாக நான்கு நாள் தங்க வைத்தால் ஒரு பயணமே மிச்சம். உங்கள் மலைப்பாதையில் ஒரு கார் ஏறி இறங்குவதும் குறைகிறது. படுக்கை விரிப்பு துவைப்பதும் குறைகிறது, தண்ணீரும் மிச்சம். மூன்றாவது ராத்திரிக்கு வாடகையைக் குறையுங்கள், நான்காவதுக்கு இன்னும் குறையுங்கள். சனிக்கிழமை ஒரு ராத்திரி மட்டும் வேண்டும் என்பவருக்குச் சலுகை கொடுக்காதீர்கள். வாரநாளில் காலியாகக் கிடக்கிற அறை நிரம்பினால், 'கண்டிப்பு காட்டினால் வருமானம் போய்விடும்' என்கிற உங்கள் நண்பர்களுக்கும் நம்பிக்கை வரும்.

கார் இல்லாமல் மலை ஊருக்கு யார் வருவார்கள் என்று கேட்பார்கள். ஸ்விட்சர்லாந்தின் ஸெர்மாட் மலையூருக்குள் வெளியூர்க் கார் போகவே முடியாது. சற்றுக் கீழே உள்ள டாஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு, ரயிலில் பன்னிரண்டு நிமிடத்தில் மேலே போக வேண்டும். ஊருக்குள் ஓடுவது பெரும்பாலும் சிறிய மின்வண்டிகள்தான். உலகத்தில் பேர்போன மலைச் சுற்றுலா ஊர்களில் ஒன்று அது. உங்கள் ஊருக்கு ரயில் கிடையாது, தெரியும். ஆனால் வந்த காரை விடுதியிலேயே நிறுத்திவிட்டு, உள்ளூர் ஜீப்பில் சுற்றிப் பார்க்க வைக்கலாம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று குறித்த நேரத்தில் எல்லா விடுதிக்கும் வந்து ஆளேற்றிக்கொண்டு போகிற வண்டி இருந்தால், காட்சி முனையில் கார்கள் முட்டிக்கொண்டு நிற்பது குறையும். உள்ளூர் ஓட்டுநருக்கு வேலையும் கிடைக்கும்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சுற்றுலாவின் பணம் விடுதிக்காரர் கையோடு நின்றுவிடுகிற ஊரில் எந்த விதியும் நிலைக்காது. ஜீப் ஓட்டுகிறவர், பாதை காட்டுகிறவர், பெட்டிக்கடை வைத்திருக்கிறவர் எல்லோருக்கும் இதில் பங்கு வேண்டும். விருந்தாளியோடு காட்டுப்பாதையில் நடந்து போகிற வழிகாட்டி, குனிந்து ஒரு கவரை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டால், பின்னால் வருகிறவர்கள் அன்று முழுக்கக் கீழே எதையும் போட மாட்டார்கள். ஆனால் வழிகாட்டிக்கு நல்ல கூலி கிடைக்கவில்லை என்றால் அவர் ஏன் குனிய வேண்டும்? கடைக்காரருக்கும் அப்படித்தான். தண்ணீர் பாட்டில் விற்பனையை நிறுத்தச் சொல்வதானால், ஸ்டீல் பாட்டில் நிரப்பிக் கொடுப்பதில் அவருக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் பேசி முடியுங்கள். உங்கள் சங்கத்தில் விடுதிக்காரர்கள் மட்டும் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குரங்கு விஷயத்துக்குத் தீர்வு குரங்கிடம் இல்லை. கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1998ஆம் ஆண்டில் மட்டும், கரடிகள் காரை உடைத்து உணவெடுத்தது உட்பட 1,500க்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாகின. கரடியால் திறக்க முடியாத இரும்புப் பெட்டிகளை முகாம்களிலும் கார் நிறுத்துமிடங்களிலும் வைத்தார்கள். உணவை அதில்தான் வைக்க வேண்டும் என்று விதி செய்து, வருகிறவர்களிடம் விடாமல் சொல்லியும் வந்தார்கள். சம்பவங்கள் மளமளவென்று குறைந்தன. மனிதர் உணவின் ருசி பழகிய விலங்கு பயத்தை இழக்கிறது, பிறகு ஆளைக் கடிக்கிறது, கடைசியில் அதைப் பிடித்துப் போக வேண்டியிருக்கிறது, சில இடங்களில் கொல்லவும் செய்கிறார்கள். உங்கள் விடுதிகளின் சமையலறைக் கழிவு எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். திறந்த தொட்டியில் கிடந்தால், விருந்தாளி எதுவும் கொடுக்காவிட்டாலும் குரங்கு வரும். கொக்கி போட்டுப் பூட்டுகிற மூடி, மட்கும் கழிவுக்குக் கம்பிவலை போட்ட அடைப்பு, இரண்டும் உடனே செய்ய வேண்டியவை. உயரமான, குளிரான இடத்தில் மட்குவதற்குச் சமவெளியைவிட அதிக நாள் பிடிக்கும் என்பதால், அந்த அடைப்பு ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும்.

இனி தண்ணீர். விருந்தாளியைத் திருத்துவதற்கு முன் நாமே நம் வீட்டைப் பார்க்க வேண்டிய இடம் இது. சங்கடமான பேச்சாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

மலையில் ஊற்று என்பது மேலே பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, பல மாதம் கழித்துக் கீழே கசிந்து வருவது. காட்டு மண் பஞ்சு மாதிரி அந்த மழையைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஊற்றுக்கு மேலே உள்ள சரிவில் மரத்தை வெட்டி, கார் நிறுத்த கான்கிரீட் போட்டால், பெய்கிற மழை ஒரே மணி நேரத்தில் ஓடையில் ஓடிப்போகும். மழைக்காலத்தில் மண் சரியும், கோடையில் ஊற்று வற்றும். போன கோடையில் உங்களுக்கு நடந்தது இதுவா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் கடந்த சில ஆண்டுகளில் ஊற்றுக்கு மேலே எங்கெங்கே புதுக் கட்டடம் வந்தது என்று நீங்களே ஒரு காகிதத்தில் குறித்துப் பாருங்கள். சிக்கிம் அரசு 2008இல் 'தாரா விகாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஊற்றுகளுக்கு மேலே உள்ள சரிவுகளில் வரிசையாகக் குழிகளும் வாய்க்கால்களும் வெட்டி மழையை மண்ணுக்குள் இறக்கியது. வற்றிக்கொண்டிருந்த பல ஊற்றுகளில் தண்ணீர் மீண்டது. எந்தச் சரிவில் பெய்கிற மழை எந்த ஊற்றுக்கு வருகிறது என்று நிலவியல் தெரிந்தவரை வைத்துப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. சரிவில் கண்ட இடத்தில் குழி வெட்டினால் மண் சரிய வாய்ப்பு இருக்கிறது. ஊராட்சியோடு சேர்ந்து செய்யுங்கள்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை 2018 கோடையில் சிம்லா காட்டியது. குழாயில் நாள்கணக்கில் தண்ணீர் வராமல், அந்த ஊர்க்காரர்களே 'தயவுசெய்து சிம்லாவுக்கு வராதீர்கள்' என்று சமூக வலைத்தளங்களில் எழுதினார்கள். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிற ஒரு ஊர் இதைவிடப் பெரிய நஷ்டத்தைப் பார்க்க முடியாது.

அப்புறம் கழிவுநீர். ஏழு அறைக்குக் கட்டிய செப்டிக் டேங்கில், சீசனில் அறைக்கு இரண்டு கூடுதல் படுக்கை போட்டால் எத்தனை பேருடைய கழிவு சேர்கிறது என்று கணக்குப் பாருங்கள். தொட்டியில் போதுமான நேரம் தங்காமல் கழிவு நேராக உறிஞ்சு குழிக்குப் போகும். மலைச்சரிவில் உறிஞ்சு குழியிலிருந்து கசிவது எங்கே போகும்? உங்களுக்குக் கீழே உள்ளவரின் ஊற்றுக்குத்தான். உங்கள் ஊற்றுக்கு, உங்களுக்கு மேலே உள்ளவரிடமிருந்து. ஓடையில் கிடக்கிற பாட்டில் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைப் பற்றிப் பேசுகிறோம். இது தெரிவதில்லை. பதினைந்து விடுதிகளும் ஒரே சமயத்தில் தங்கள் தொட்டியைத் திறந்து பார்த்து, வண்டல் எடுத்து, கொள்ளளவுக்கு மேல் ஆள் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தால், அது பத்து வருடம் பலகை வைப்பதைவிடப் பெரிய காரியம்.

கூட்டம் பக்கத்து மலைக்குப் போய்விடும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடன் வாங்கி விடுதி கட்டியவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். பூட்டான், இந்தியரல்லாத வெளிநாட்டுப் பயணிகளுக்கான கட்டணத்தை 2022 செப்டம்பரில் ஓர் இரவுக்கு 200 டாலர் ஆக்கியது. அடுத்த வருடமே அதைப் பாதியாக, 100 டாலராகக் குறைத்தது. ஒரு நாட்டுக்கே கணக்கு உடனே சரியாக வரவில்லை, ஆகவே விலையை ஏற்றிக் கூட்டத்தைக் குறைப்பது உங்களைப் போன்ற சிறிய ஊர் முதலில் எடுக்க வேண்டிய ஆயுதம் இல்லை. நீங்கள் குறைக்க வேண்டியது, காலையில் வந்து மாலையில் குப்பையை விட்டுவிட்டுத் திரும்பிப் போகும் கார்களின் நெரிசலை. அவர்கள் உங்கள் விடுதியில் தங்குவதே இல்லை. அந்தக் கூட்டம் குறைந்தால், தங்க வருகிறவருக்கு ஊர் இன்னும் பிடித்துப்போகும்.

ஆனால் வாகனத்துக்கு எல்லை வைப்பது அரசு செய்ய வேண்டிய வேலை, சங்கம் தானாகச் சாலையை மறிக்க முடியாது. அதற்கும் முதல் படி எண்ணிக்கைதான். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7ஆம் தேதி இ-பாஸ் வந்தபோது, எத்தனை வண்டி வருகிறது என்று பதிவு செய்வதுதான் முக்கிய நோக்கமாக இருந்தது. அடுத்த வருடக் கோடையில்தான் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எல்லை வைத்தார்கள். நீங்களும் இந்தச் சீசனில், ஊர் நுழைவாயிலில் ஆள் வைத்து வண்டிகளை எண்ணுங்கள். கையில் கணக்கோடு போனால் ஊராட்சியும் வனத்துறையும் கேட்கும் விதமே வேறு.

எல்லை வைக்க உங்கள் கையிலேயே இருக்கிற இடம் ஒன்று உண்டு: நடைபாதைகள். வளைந்து வளைந்து ஏறுகிற பாதையில், வளைவைத் தவிர்க்க நாலு பேர் குறுக்கே இறங்கினால் புல் போகிறது. அடுத்த மழையில் அந்தத் தடத்தில் தண்ணீர் ஓடி வாய்க்காலாகிறது, பிறகு வேர் தெரிகிறது, பிறகு பாதையே இடிகிறது. குறுக்குத் தடத்தின் இரண்டு முனையிலும் விழுந்த கிளைகளையும் கற்களையும் போட்டு மறைத்தாலே பாதிப் பேர் அதில் இறங்க மாட்டார்கள். பெரு நாட்டின் இன்கா மலைப்பாதையில் வழிகாட்டிகள், சுமை தூக்குவோர் எல்லோரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் விடுவதில்லை. மழை மிகுந்த பிப்ரவரி மாதம் முழுக்கப் பாதையை மூடிப் பழுது பார்க்கிறார்கள். உங்கள் ஊரிலும் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து, மழைக்காலத்தில் மூடிவைக்க வனத்துறையிடம் பேசுங்கள். பிரபலமாகாத அருவியோ சுனையோ இருந்தால், அதன் துல்லியமான இடத்தைப் படத்தோடு இணையத்தில் குறிக்க வேண்டாம் என்று விருந்தாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஜாக்சன் ஹோல் சுற்றுலாக் குழு 2018இல் இதையே ஒரு பிரச்சாரமாகச் செய்தது. காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் கேட்பார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். பதினைந்து பேரும் ஒத்துக்கொள்ளட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஐந்து விடுதிகள் சேர்ந்தாலே தொடங்கிவிடலாம். சீசனுக்கு முன் செப்டிக் டேங்குகளைத் திறந்து பார்ப்பது, தண்ணீர்ச் சோதனை, மூடியுள்ள குப்பைத் தொட்டிகள், ஸ்டீல் பாட்டில், அந்த வாட்ஸ்ஆப் செய்தி. இந்தச் சீசனுக்கு இவை போதும். ஒவ்வொரு விடுதியும் தினமும் எத்தனை மூட்டைக் குப்பை வெளியே அனுப்புகிறது, எத்தனை பேர் தங்கினார்கள் என்ற இரண்டே இரண்டு எண்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சீசன் முடிந்ததும், சேர்ந்த ஐந்து விடுதியின் நோட்டையும் வருமானத்தையும், சேராதவர்களின் வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசலாம். அடுத்த கூட்டத்துக்கு இப்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: பாட்டிலுக்கும் வடிகட்டிக்கும் தண்ணீர்ச் சோதனைக்கும் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று விசாரித்து, அதை ஐந்தாகப் பிரித்தால் ஒருவருக்கு எவ்வளவு, பதினைந்தாகப் பிரித்தால் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.